ஒன்பது பேர் கம்பெனி

எங்கள் கம்பெனியில் பத்துப் பேர் வேலை செய்தோம். யாராவது கேட்டால் ஒன்பது என்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி மகாதேவன் சொன்ன முதல் விஷயமே அதுதான். என்ன வேலை, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையெல்லாம் மறுநாள்தான் சொன்னார்.

எல்லாம் சட்டம் செய்த வேலை. மோட்டார் ஓடுகிற பட்டறையில் பத்துப் பேர் இருந்தால் அது ஃபாக்டரி. ஒன்பது பேர் என்றால் சும்மா பட்டறை, சர்க்கார் திரும்பிப் பார்க்காது. ஃபாக்டரி ஆகிவிட்டால் லைசென்ஸ், ரிஜிஸ்டர், நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், சம்பளத்தோடு லீவு, இத்தனை தலைக்கு இத்தனை கக்கூஸ், பதினாலு மாதத்துக்கு ஒரு தடவை சுவருக்கு வெள்ளை. எச்சில் துப்பத் தொட்டிகூட வைக்க வேண்டும்.

"துப்பறதுக்குத் தொட்டியாம்டா லூர்து! சுதந்திரம் வாங்கினது இதுக்குத்தானா?" என்பார் மகாதேவன். நானும் சிரிப்பேன். சிரித்ததை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது, சிரித்தேன்தான்.

பான்ஷேத் அணை உடைந்து பூனா நகரத்தை வெள்ளம் அடித்துப் போட்டதே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. பூனாவுக்குப் பக்கத்தில் சிஞ்ச்வடில் ரயில் பாதையோரம் சோளக்காட்டுக்கு நடுவே தகரக் கொட்டகையாக முளைத்துக்கொண்டிருந்தது. லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் சின்னச் சின்ன சாமான் செய்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கிற பட்டறைகள். முக்கால்வாசி ஒன்பது பேர் கம்பெனி. எங்களுக்கு அடுத்த கொட்டகைக்காரர் நடுவில் ஒரு சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் தன் பெயரில் ஒன்பது, அந்தப் பக்கம் மச்சான் பெயரில் ஒன்பது என்று இரண்டு போர்டு மாட்டியிருந்தார். சுவரில் ஓர் ஓட்டை போட்டு அதன் வழியாகச் சாமான் போகும், வரும். சட்டம் எழுதினவன் பத்து என்று எழுதினான். ஊரே ஒன்பதில் வந்து நின்றுகொண்டது.

மகாதேவனுக்குச் சுவர் எழுப்ப இடமில்லை, போர்டு மாட்ட மச்சானும் இல்லை. கிர்க்கி ஆயுதத் தொழிற்சாலையில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு, பெண்டாட்டி பெயரில் 'விசாலாக்ஷி இஞ்சினியரிங் ஒர்க்ஸ்' ஆரம்பித்திருந்தார். தகட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டு, கறுப்பு பெயிண்டில் முக்கிச் சூளையில் சுட்டுக் கொடுப்போம். எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் ஒன்பது பேரால் முடியாது. பத்தாவதாக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. இன்ஸ்பெக்டர் வந்தால் அவன் சூளைக்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டும்.

சூளை என்றதும் செங்கல் சூளையை நினைக்க வேண்டாம். சுவரை ஒட்டிச் செங்கல்லால் கட்டின ஒரு சின்ன அறை. குனிந்து நாலு பேர் நிற்கலாம். முன்னால் இரும்புக் கதவு, அதற்கு வெளித் தாழ்ப்பாள் மட்டும்தான். தரை இரும்புத் தகடு. தகட்டுக்குக் கீழே அடுப்பு. மேலே கம்பிகளில் பெயிண்ட் அடித்த சாமானைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திக் கீழே தீ மூட்டினால் இரண்டு மணி நேரத்தில் பெயிண்ட் இறுகிவிடும். கரியை மிச்சம் பிடிக்க மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் மூட்டுவோம். இன்ஸ்பெக்டர்கள் வருவது காலையில். அதனால் ஒளிவதற்கு அதைவிடத் தோதான இடம் இல்லை என்று மகாதேவன் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

வழக்கம் என்னவென்றால், கடைசியாகச் சேர்ந்தவன்தான் பத்தாவது ஆள். அடுத்தவன் வரும்வரை அவனுக்கு விடுதலை கிடையாது. இரண்டு வருஷம் நான்தான் பத்தாவது ஆள். வாசல் பக்கம் வேலை செய்கிற ஷிண்டே மிஸ்திரி, தொங்குகிற தண்டவாளத் துண்டில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் நான் செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். யாராவது வெளியே தாழ்ப்பாள் போடுவார்கள். இன்ஸ்பெக்டர் போனதும் தண்டவாளம் மறுபடி அடிக்கும், தாழ்ப்பாளைத் திறப்பார்கள். உள்ளே கும்மிருட்டு. பெயிண்ட் நெடி மூக்கில் ஏறி மண்டையைச் சுற்றும். ஒரு தடவை மயக்கம் போட்டு விழுந்து, வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார்கள். என்ன ஆனாலும் சத்தம் போடக் கூடாது, அது முதல் கட்டளை. பின்சுவரில் சாய்ந்து மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாதா என்ன செய்வாள், அவளுக்கென்ன ஃபாக்டரி சட்டமா தெரியும்.

என் மனைவி ஜோசபின்தான் வழி சொன்னாள். "உங்களுக்குப் பின்னால ஒருத்தனைச் சேத்துவிடுங்க. நீங்க வெளிய வந்துரலாம்ல?"

அப்படித்தான் கலியனைப் பிடித்தேன். வெள்ளத்தில் இடிந்த வீடுகளில் மண் அள்ள ஒரு காண்ட்ராக்டர் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஆள் கொண்டுவந்திருந்தான். அந்தக் கூட்டத்தில் ஒருவன் கலியன். வேலை முடிந்து மற்றவர்கள் ஊருக்குப் போக, இவன் மட்டும் ஸ்டேஷனில் தமிழ்ப் பேச்சுக் கேட்டு என் பின்னாலேயே வந்தான். என்னைவிட ஒரு வயசு மூத்தவன். இருந்தாலும் வேலை வாங்கிக் கொடுத்தவன் என்று என்னை அண்ணே என்பான். ஊரில் பெண்டாட்டியும் பெண் குழந்தையும் இருந்தார்கள். சூளை விஷயத்தைச் சொன்னபோது நான் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

"எப்பவாச்சும்தான் வருவானுங்க. பத்து நிமிஷம். நான் ரெண்டு வருசம் இருக்கலையா?"

"நீங்க இருந்த எடந்தானண்ணே. எனக்கு இன்னா பயம்?" என்றான்.

அன்றிலிருந்து நான் ஒன்பதாவது ஆள். ரிஜிஸ்டரில் பெயர் ஏறியது. சூளைக்குத் தீ மூட்டுகிற வேலையும் என்னிடம் வந்தது. கலியன் ஏழு மாதத்தில் மூன்று தடவை ஒளிந்தான். மூன்று தடவையும் தாழ்ப்பாள் போட்டது நான்தான்.

நாலாவது தடவை அக்டோபரில். காலை பதினோரு மணி இருக்கும். டண், டண் என்று தண்டவாளம் இரண்டு தடவை ஒலித்தது. கலியன் பெயிண்ட் கையைத் துடைத்துக்கொண்டே செருப்பையும் டப்பாவையும் எடுத்தான். "வரேண்ணே" என்று, டீ குடிக்கப் போகிறவன் மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

வந்தவர் தாம்ளே. ஒல்லியான மனுஷர், சைக்கிளில் வருவார், குடையும் துணிப்பையும் ஹேண்டில்பாரில் தொங்கும். டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்க மாட்டார் என்று பெயர். டீ குடிக்காத இன்ஸ்பெக்டரை வழிக்குக் கொண்டுவர மகாதேவனுக்கு வேறு வித்தை தெரியாது. தாம்ளே சாஹேப் விரலை நீட்டி எங்களை எண்ணினார். ஏக், தோன், தீன். நவ்வில் வந்து நின்றது. நவ் என்றால் ஒன்பது. ரிஜிஸ்டரிலும் ஒன்பது. மகாதேவன் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

போவார் என்று பார்த்தால், குடையை ஊன்றிக்கொண்டு நேராகச் சூளைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எத்தனை மணிக்கு மூட்டுவீர்கள்?" என்று மராத்தியில் கேட்டார்.

மதியம்தான் என்றார் மகாதேவன். தாம்ளே தலையை ஆட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னார். போன மாதம் பம்பாய்ப் பக்கம் ஒரு கொட்டகையில் இதே மாதிரி சூளையில் புகைபோக்கி அடைத்துக்கொண்டு, உள்ளே சாமான் எடுக்கப் போன இரண்டு பேர் செத்துப் போனார்களாம். ஒன்பது பேர் பட்டறையாக இருந்தாலும் சூளை இருந்தால் பார்த்து எழுதி அனுப்பு என்று மேலிடத்து உத்தரவாம்.

"புகை ஒழுங்காக மேலே போகிறதா என்று பார்க்க வேண்டும். இப்போதே மூட்டச் சொல்லுங்கள்."

சேசு மரி சூசை! இரண்டு பேர் செத்ததற்காக வந்த மனுஷர், மூன்றாவது ஆளைக் கொல்லச் சொல்கிறார். அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

மகாதேவன் கரி பற்றாக்குறை என்றார், சாமான் இன்னும் ஏற்றவில்லை என்றார், நாளைக்கு வாருங்கள் என்றார். தாம்ளே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அவசரமில்லை என்றார்.

மகாதேவன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் தாம்ளேக்குக் காட்டின சிரிப்பு அப்படியே இருந்தது. பேசினது தமிழில். தாம்ளேக்குத் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது, அந்தத் தைரியம்.

"லூர்து, சிரிச்ச மொகமா இரு. வெறும் காகிதமும் சுள்ளியும் மட்டும் போடு. பொகை மேல போறத பாத்துட்டு எழுந்து போயிடுவான். அஞ்சு நிமிஷம். தகடு சுடறதுக்கே பத்து நிமிஷம் ஆகும், ஒனக்கே தெரியும்."

"சார், உள்ள கலியன்..."

"பேரைச் சொல்லாதே! தெரியும்டா. இவன் எதுக்க கதவைத் தொறந்தா என்ன ஆகும்னு யோசி. ஒம்போதுன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். கோர்ட்டு, ஜெயிலு. அதைக்கூட விடு, தகடு பர்மிட் போயிடும். பர்மிட் இல்லேன்னா கடையில தகடு வாங்கிடுவியா நீ? அப்புறம் ஒம்போது குடும்பமும் தெருவுலதான். ஒம் பொண்டாட்டிக்கு எத்தனாவது மாசம்?"

எட்டாவது மாதம். அவர் கேட்ட கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் உண்மை. இரும்புத் தகடு சர்க்கார் பர்மிட்டில்தான் கிடைக்கும், பர்மிட் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஜோசபின் அன்று காலையில்கூடக் காலில் வீக்கம் என்று சொன்னாள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே அடுப்பு வாயில் குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

மகாதேவன் சூளைக் கதவைத் தட்டிக்கொடுப்பது போலத் தட்டி, யாரையோ திட்டுகிற குரலில், "பொறுத்துக்கோ, அஞ்சே நிமிஷம், சத்தம் வரப்படாது" என்று தமிழில் சொன்னார். தாம்ளே நிமிர்ந்து பார்த்தார். "பழைய கதவு சாஹேப், திட்டினால்தான் சரியாக நிற்கும்" என்று மராத்தியில் சொல்லி மகாதேவன் சிரித்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை பற்றியது. அதைக் காகிதத்தில் வைத்தது இந்தக் கைதான். வேறு யார் கையும் இல்லை.

புகை மேலே போயிற்று. தாம்ளே வெளியே போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். போய்விடுவார், இதோ எழுதிக்கொள்கிறார், இதோ பையை எடுக்கிறார் என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடுப்பு வாயில் குனிந்தார்.

"இது சுள்ளிப் புகை. கரிப் புகைதான் ஆளைக் கொல்கிறது. கரி போடு."

மகாதேவனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற எட்டுப் பேரும் அவரவர் இடத்தில் குனிந்திருந்தார்கள். ஷிண்டே மிஸ்திரியின் டிரில் வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே சாமானே இல்லை. ஒருத்தன் வாயைத் திறக்க வேண்டுமே! எவனாவது ஒருத்தன் திறக்கட்டும், நான் பின்னால் சேர்ந்துகொள்கிறேன் என்று காத்திருந்தேன். அவர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்களோ என்னவோ.

ஒரு முறம் கரி போட்டேன்.

தகடு சூடாகும்போது ஒரு சத்தம் வரும். டிக், டிக் என்று, பல்லி சொல்கிற மாதிரி. தினமும் கேட்கிற சத்தம். அன்றைக்கு அது தொடங்கியபோது முறத்தைக் கீழே வைத்தேன். நான் காதைக் கதவோரம் வைத்தேன். கலியன் தட்டுவான், கத்துவான் என்று எதிர்பார்த்தேன். தட்டிவிட்டால்கூடப் பரவாயில்லை, நான் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாது, அவனாகத் தட்டினான் என்றாகிவிடும். இப்படியும் ஒரு கணக்கு அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடியது. தூ! ஆனால் உள்ளே அசைவே இல்லை. சத்தம் போடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே நான்தானே. மயக்கம் போட்டிருப்பான். தகட்டின் மேலேயே விழுந்து கிடப்பான். அவன் பெண் குழந்தைக்கு அவன் வாங்கி வைத்திருந்த ரப்பர் வாத்து ஏனோ ஞாபகம் வந்தது. அதை ஊருக்கு அனுப்ப விலாசம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டிருந்தான். நான் இன்னும் எழுதித் தரவில்லை.

டிக், டிக், டிக்.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. "உள்ள ஆள் இருக்குய்யா!" என்று கத்தினேன். அப்புறம் அந்த மனுஷருக்குப் புரிய வேண்டுமே என்று, "ஆத் மாணூஸ் ஆஹே, சாஹேப்! ஆத் மாணூஸ் ஆஹே!" என்று மராத்தியில் கத்தினேன். மகாதேவன் என் தோளைப் பிடித்தார். உதறிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன். சூடேறி இறுகியிருந்தது. வெறுங்கையால் இழுத்துத் திறந்தேன்.

உள்ளே அனலும் இருட்டும். மண்டியிட்டுத் துழாவினேன். தகடு கையைப் பொசுக்கியது, தொங்குகிற கம்பி நெற்றியில் இடித்தது. "கலியா! கலியா!" என்று கூப்பிட்டுக்கொண்டே நாலு மூலையும் தடவினேன். ஒரு செருப்பு கையில் பட்டது. இன்னொன்றும் பட்டது. ஆள் இல்லை.

செருப்பு இருக்கிறது, டப்பா இருக்கிறது, ஆள் இல்லை. ஒரு நிமிஷம் எனக்கு நிஜமாகவே புத்தி பேதலித்துவிட்டது. மனுஷன் அதற்குள் வெந்து காணாமலே போவானா? அப்போதுதான் பின்சுவரின் அடியில் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னத் தகரக் கதவு. சாம்பலும் கசடும் கூட்டித் தள்ளக் கொத்தனார் வைத்தது போலிருக்கிறது. அது ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கொட்டகைக்குப் பின்னாலிருக்கிற ஓடை.

கையில் செருப்போடு வெளியே வந்தேன். தாம்ளே எழுந்து நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஆள் எங்கே?"

மகாதேவன் முந்திக்கொண்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவர் முகமே சொன்னது. "இவனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் சாஹேப். மனைவிக்குப் பிரசவ நேரம், தூக்கமில்லை. புத்தி ஒரு நிலையில் இல்லை. உள்ளே ஆள் எப்படி இருப்பான்? நீங்களே எண்ணினீர்களே, ஒன்பது."

தாம்ளே என் கையைப் பார்த்தார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து தொங்கிற்று. பைத்தியம் என்று எழுதிக்கொள்வதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. கலியன் பிழைத்தான், எனக்கு அது போதும். பைத்தியம் என்றால் பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது.

அப்போது வாசல் வழியாகக் கலியன் வந்தான். வெறுங்கால். முழங்கால்வரை ஓடைச் சேறு. சட்டை முதுகெல்லாம் கரி. ஒன்பது பேருக்கும் நடுவில் வந்து நின்றான்.

"தூ கோண்?" நீ யார் என்று தாம்ளே கேட்டார்.

"டீக்கடைன்னு சொல்லு, கலியா" என்றார் மகாதேவன் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு. "டீக்கடை ஆள்னு சொல்லு. ஒன்ன நான் பாத்துக்கறேன்."

கலியன் அவரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான், அதிலிருந்த செருப்பைப் பார்த்தான். அவனுக்கு வந்த மராத்தி மொத்தமே ஒரு இருபது வார்த்தைதான்.

"மீ தஹாவா" என்றான். நான் பத்தாவது.

தாம்ளே மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பயந்த அளவுக்கு இல்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு வயிறெரிகிறது. கோர்ட்டில் மகாதேவனுக்கு அபராதத்தோடு விட்டார்கள், ஜெயில் இல்லை. தகடு பர்மிட் இரண்டு மாதம் நின்று, அப்புறம் வந்துவிட்டது. யாரும் தெருவுக்கு வரவில்லை. விசாலாக்ஷி ஒர்க்ஸ் ஃபாக்டரி ஆயிற்று. லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். எச்சில் தொட்டியும் வந்தது. அதில் யாரும் துப்பவில்லை, பழையபடி வாசலில்தான் துப்பினார்கள். ரிஜிஸ்டரில் பத்தாவது வரியில் கலியன் பெயர் ஏறியது. ஜோசபினுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

கைக்கட்டு அவிழ்த்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, கலியன் எனக்கு முன்னாலேயே என் டப்பாவை எடுத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிட்டான். ஓடைக்கரைக் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தோம். சூளையின் பின்சுவர் எதிரிலேயே தெரிந்தது. அவன் சந்தோஷமாக இருந்தான். வெங்காயத்தை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தான். இந்த வாயை அப்போது மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"அந்தச் சின்னக் கதவை எப்படா கண்டுபிடிச்சே?" என்றேன்.

"மொத தடவையே. அதோட வெளித் தாப்பா துருப்புடிச்சு உழுந்து கெடந்துச்சு. நீங்க கதவச் சாத்துனதும் இந்தால வந்துருவேன். இந்த மரத்தாண்ட குந்தி ஒரு பீடி புடிப்பேன். தண்டவாளம் மறுபடி அடிச்சா உள்ள பூந்துக்குவேன்." சிரித்தான். "அன்னிக்கி அவசரத்துல செருப்ப உட்டுட்டேன்."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லலை?"

"ரெண்டு வருசம் உள்ள இருந்தவரு நீங்க. ஒங்களுக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

"சத்தியமாத் தெரியாதுடா. அதுல சாஞ்சுதான் உக்காந்திருப்பேன். ஒரு நாளும் தள்ளிப் பாக்கலை."

அவன் வெங்காயத்தை வாயருகே கொண்டுபோனவன், அப்படியே நிறுத்தினான்.

"அன்னிக்கிப் பொக வந்துச்சு. அண்ணன் கொளுத்திட்டாரு, நாம வெளிய இருக்கறது அவருக்குத் தெரியும்னு குந்தியிருந்தேன். அப்பால நீங்க கத்துனது கேட்டுச்சு. இந்த ஒளியற பொழப்பு போதும்னு அண்ணனே துணிஞ்சு காட்டிக் குடுத்துட்டாரு, இனி நாம எதுக்கு ஒளியணும்னுதான் உள்ள வந்தேன்."

நான் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"அப்போ," என்றான் கலியன் மெதுவாக, "நான் உள்ள இருக்கறேன்னு நெனச்சுக்கினுதான் கொளுத்துனீங்களாண்ணே?"

"வெறும் சுள்ளிதான்டா மொதல்ல..." என்று ஆரம்பித்தேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

அவன் டப்பாவை மூடினான். கோபப்படவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். எழுந்து ஓடைக்குப் போய்க் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. கலியன் என்னை இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். குழந்தைக்கு ரப்பர் வாத்து அனுப்ப என்னிடம் விலாசம் எழுதிக் கேட்கவில்லை. ஷிண்டேயிடம் எழுதி வாங்கிக்கொண்டான், மராத்தி எழுத்தில். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் நான்தான் சூளை மூட்டுகிறேன். இப்போது அதற்கும் ஒரு விதி உண்டு, தாம்ளே மராத்தியில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு கதவையும் திறந்து பார்த்து, மூன்று தடவை சத்தம் கொடுத்து, அப்புறம்தான் கொளுத்த வேண்டும். நான் அடுப்பு வாயில் உட்கார்ந்து தீப்பெட்டியை எடுத்ததும், கலியன் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வருவான். வந்து எனக்கு எதிரில், எனக்குத் தெரிகிற இடத்தில் நிற்பான். தீ பற்றுகிறவரை நின்றுவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பிப் போவான்.